தனிஸ்லாஸ் சாமி போட்ட துளை

1961 நவம்பர் 5, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்து சனம் கலைந்ததும் தனிஸ்லாஸ் சாமி கோயில் கூரைமேல் ஏறினார். வயது அறுபத்து மூன்று. அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணிக்கூண்டு ஏணி வழியாகப் போய், ஓடு ஒன்றை எடுத்துவிட்டு, நடுவில் துளை போட்ட வேறு ஓடு ஒன்றை அங்கே வைத்தார். துளை காலணாக் காசு அகலம்.

"எதுக்கு சாமி?" என்று கீழே நின்று கேட்டேன்.

"வெளிச்சத்துக்கு."

எட்டு சன்னல் இருக்கிற கோயிலுக்கு வெளிச்சம் போதவில்லையாம். இறங்கி வந்து, தரையில் வடக்கு தெற்காக ஒரு கறுப்புக் கோடு போட்டார். சரியாக மதியத்துக்குத் துளை வழியே வந்த வெளிச்சம் அந்தக் கோட்டில் ஏறியது. கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அதே நேரம்தான் நான் மூவேளை செபத்துக்கு மணி அடித்துக்கொண்டிருந்தேன்.

கருங்குளத்துப்பட்டிப் பங்கில் இருபத்தாறு வருடமாக நான் கோயில்பிள்ளை. சாவி என் இடுப்பில், மணிக்கயிறு என் கையில், குடியிருப்பு கோயில் வளவுக்குள். ஐந்து சாமியார்களைப் பார்த்தவன். இவர் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. இனி நடப்பதை எழுதி வைப்பது நல்லது என்று படுகிறது.

நவம்பர் 19, ஞாயிறு

சாமியிடம் ஒரு தூரதரிசனிக் குழாய் இருக்கிறது. தினமும் காலைப் பூசைக்குப் பிறகு, தாம் தங்கும் அறைவீட்டு முற்றத்தில் அதை நிறுத்திச் சூரியனுக்குக் காட்டுகிறார். கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. பின்னால் வெள்ளைத்தாள் பிடித்து அதில் விழும் வட்டத்தில் உள்ள கரும்புள்ளிகளை எண்ணுகிறார். மாதம் ஒரு முறை எண்ணிக்கையைச் சீமைக்கு அனுப்புகிறார். இருபத்திரண்டு வருடமாக அனுப்புகிறாராம்.

சர்வேசுரன் படைத்த சூரியனிலேயே கறை தேடுகிறவர், கோயில்பிள்ளையிடம் தேடாமல் இருப்பாரா?

மதியம் கோட்டருகே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வியாகப்பா, கடியாரம் பன்னண்டுன்னா அது பன்னண்டுதானா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. குத்திக்காட்டுகிறார் என்று விளங்காத அளவுக்கு நான் பச்சைப்பிள்ளை இல்லை.

உடுப்பறைக் கடிகாரத்தின் கண்ணாடி மங்கிவிட்டது. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் முள் தெளியவில்லை. அதனால் பள்ளிக்கூடத்தில் பதினொன்றே முக்கால் மணி அடித்ததும் ஒரு செபமாலை சொல்லத் தொடங்குகிறேன். ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடித்தால் கால் மணி நேரம். கயிற்றை இழுத்துவிடலாம். மனது கலைந்தால் மட்டும் கொஞ்சம் பிந்தும். இவர் வந்ததிலிருந்து மனது கலைகிறது.

டிசம்பர் 12, செவ்வாய்

சாகக் கிடந்த ஒருவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கச் சாமி பக்கத்து ஊருக்குப் போனார். அறைவீட்டைப் பெருக்கப் போன நான் மேசைமேல் நோட்டைக் கண்டேன். வேண்டுமென்று எடுக்கவில்லை. தூசி தட்ட எடுத்தேன். எழுத்து மிகப் பொடி, அதனால் சன்னலோரம் கொண்டுபோனேன். இப்போதெல்லாம் அச்சுக்காரனும் சாமியார்களும் பொடிப்பொடியாகத்தான் எழுதுகிறார்கள்.

மேலே "நண்பகல் 12" என்று தலைப்பு. கீழே தேதியும் நிமிடமும். நவம்பர் ஐந்துக்கு நேராக சைபர். பத்தொன்பதுக்கு ஒன்று. டிசம்பர் ஒன்றில் ஐந்து. நேற்று ஒன்பது.

 இது என் மணி. நான் எத்தனை நிமிடம் பிந்துகிறேன் என்று தேதி போட்டு எழுதுகிறார். அதுவும் ஏறிக்கொண்டே போகிறது!

போன வாரம் அவரே என்னிடம், "இந்தத் தடவையாச்சும் ஒரு வருசம் முழுசா எடுத்திரணும் வியாகப்பா. இதுக்கு முந்தி ரெண்டு பங்குல ஆரம்பிச்சேன். ரெண்டு எடத்துலயும் பாதியிலயே மாத்திட்டாக. மூணாவது தடவை, வயசும் ஆச்சு" என்றார். எடுப்பது என்றால் என்ன எடுப்பது என்று அன்று புரியவில்லை. இன்று புரிந்தது. அந்த இரண்டு பங்கிலும் இருந்த கோயில்பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்களோ.

வேலை போனால் வீடும் போகும். எனக்கும் என் பெண்சாதி மதலேனாளுக்கும் போக்கிடம் இல்லை.

டிசம்பர் 14, வியாழன்

மறைமாவட்ட ஆயரான மேற்றிராணியாருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. எழுதியவர் யாரோ. பங்குச்சாமி உத்தரவு கேட்காமல் கோயில் கூரையில் துளை போட்டதாகவும், சூரியனை வணங்குவதாகச் சனம் சந்தேகிப்பதாகவும் அதில் எழுதியிருந்தது. முதல் பாதி உண்மைதானே.

டிசம்பர் 25, திங்கள்

கிறிஸ்து பிறப்பு. பாலன் சொரூபத்தை நான்தான் குடிலில் வைத்தேன். நோட்டில் இன்று பதினாறு. திருநாளில்கூட மனிதருக்கு இரக்கமில்லை.

1962 சனவரி 8, திங்கள்

இருபத்திரண்டு ஆகிவிட்டது. அவர் ஏறின ஏணியில் நானும் ஏறினேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் சாமி கண்ணயர்ந்த நேரம். கோயில் வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பைக் குழைத்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் எடுத்துக்கொண்டேன். துளை போட்ட ஓடு எது என்று தடவித்தான் கண்டுபிடித்தேன், வெயில் அப்படிக் கூசியது. எடுத்து, துளையை அடைத்து, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தேன். சரியாகத்தான் வைத்தேன்.

துளை இல்லாவிட்டால் வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லாவிட்டால் எழுத்தும் இல்லை. ஒருவருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

சனவரி 10, புதன்

நேற்றிலிருந்து மேகமூட்டம். சாமி கோட்டருகே உட்கார்ந்து காத்திருந்துவிட்டு எழுந்து போனார். இரண்டு நாளாக நோட்டு காலி. இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சனவரி 13, சனி

பருவம் தப்பிய மழை. விடியவிடியக் கொட்டியது. காலையில் கோயிலைத் திறந்தால் வியாகுல மாதா சொரூபத்தின் மேல் நேராகத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது. மரச் சொரூபம். ஊருக்கு மாதா வந்த நாளிலிருந்து ஒரு விரல்கூடச் சேதமானதில்லை. இப்போது முகத்து வர்ணம் முழுக்கக் கரைந்து மார்பில் ஒழுகியிருந்தது.

பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். "தொளை போட்ட சாமியாரு மாதாவக் கொன்னுட்டாரு" என்று ஒருத்தி கத்தினாள். சாமி தோளில் கிடந்த துண்டால் சொரூபத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் கைதான் வர்ணமானது.

மேலே ஏறிப் பார்த்தவர்கள், துளை ஓடு ஒரு சாண் நகர்ந்து கிடந்ததாகச் சொன்னார்கள். நான் சரியாகத்தான் வைத்தேன்.

சனவரி 15, திங்கள்

சாமி என்னை அறைவீட்டுக்குக் கூப்பிட்டார். மேசைமேல் அந்த ஓடு இருந்தது.

"பாரு வியாகப்பா. யாரோ தொளைய அடைச்சிருக்காக. அடைச்சிட்டு ஓடு பொருந்தாம வச்சிட்டாக, அதான் நகந்திருக்கு."

"கொத்தனார் வேலையா இருக்கும் சாமி."

"கொத்தனார் எதுக்கு அடைக்கிறான்? இது நம்ம கோயில் சுண்ணாம்பு. நீலம் கலந்த சுண்ணாம்பு வேற யாருகிட்ட இருக்கு?" என்று ஓடு முழுவதையும் விரலால் தேய்த்துப் பார்த்தார். "ஊர்க்காரக என் மேல மனு எழுதுறாகளாம். மேற்றிராணியாரு ஆள் அனுப்புவாரு. அப்ப இதச் சொல்லணும். யாருன்னு அதுக்குள்ள கண்டுபிடிக்கணும். நீயும் கொஞ்சம் விசாரிய்யா."

சுண்ணாம்பு இருக்கும் உக்கிராண அறைக்குச் சாவி ஒன்றே ஒன்றுதான். அது என் இடுப்பில் இருக்கிறது. இது தெரிந்துகொண்டே என்னை விசாரிக்கச் சொல்கிறார். பூனை எலியிடம் விளையாடுவது போல இருக்கிறது.

சனவரி 17, புதன்

சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு அதே ஓட்டை மறுபடி வைத்துவிட்டார்! இந்த முறை கம்பியால் கட்டி, சுற்றிலும் தார் பூசியாயிற்று. நோட்டில் எட்டுநாள் காலி. இன்று இருபத்தாறு.

சனவரி 30, செவ்வாய்

ஊரெல்லாம் ஒரே பேச்சு. பிப்ரவரி ஐந்தாம் தேதிக்குள் எட்டுக் கிரகம் ஒரே ராசியில் கூடுகிறதாம், உலகம் முடியப்போகிறதாம். இந்துக்கள் யாகம் நடத்துகிறார்கள். நம் சனம் அதையெல்லாம் நம்பாது. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று பாவசங்கீர்த்தனம் செய்ய அலைமோதுகிறது. தவக்காலத்தில்கூட இப்படிக் கூட்டம் கண்டதில்லை.

சாமி பிரசங்கத்தில், "கிரகம் கூடுறது கண்ணுக்குத்தான். ஒண்ணுக்கொண்ணு கோடிக்கணக்கான மைல் தள்ளி நிக்குது. ஆறாந்தேதி காலையில ஆறு மணிக்குப் பூசை, வந்து சேருங்க" என்றார். ஒருவரும் நம்பவில்லை. வரிசை இன்னும் நீண்டுபோனது.

வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை. எழுத மாட்டேன்.

பிப்ரவரி 3, சனி

நானும் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஆத்தும லாபத்துக்காகச் செய்தேன். வேறு நோக்கம் ஒன்றும் இல்லை.

எல்லோரும் போகட்டும் என்று கடைசி ஆளாக நின்றேன். சாமி காலையிலிருந்து பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்ததில் குரல் கம்மியிருந்தது. மரக் கிராதிக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மொட்டைக் கடுதாசி நான் எழுதியது. துளையை நான் அடைத்தேன். ஓடு நான் வைத்தது.

 தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன்.

"ஓடு பொருந்தலன்னு தெரிஞ்சே வச்சியா?"

"இல்ல சாமி. சத்தியமா சரியா வச்சதாத்தான் நெனச்சேன்."

"நல்ல வெயில்ல, கைக்கெட்டின தூரத்துல இருந்தது ஏன் தெரியல?"

"மேகமா இருந்துச்சு சாமி."

 பிறகு, "உன்னால இன்னொருத்தன் மேல விழுந்த பழிய நீதான் எடுக்கணும். எப்ப, எப்படின்னு நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா அது எனக்காகச் சொன்னதாயிரும். பத்து அருள்நிறை மந்திரம் சொல்லு" என்றார். ஆசீர்வதித்து அனுப்பினார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது. சாடையாகக்கூடக் காட்டக் கூடாது. இது சின்னக் குறிப்பிடம் என்ற ஞானோபதேசப் புத்தகம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்ததை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

உலகம் அழியவில்லை. ஆறு மணிப் பூசைக்குப் பதினொரு பேர் வந்தார்கள்.

பிப்ரவரி 8, வியாழன்

சாமி என்னிடம் அப்படியே இருக்கிறார். "வியாகப்பா, காப்பி குடிச்சியா" என்கிறார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. இப்படியும் ஒரு மனிதர் நடிக்க முடியுமா? மனதுக்குள் என்ன திட்டம் போடுகிறார்? சுண்ணாம்பைப் பற்றி விசாரித்தாயா என்று இப்போது கேட்பதே இல்லை. கேட்டாலாவது நிம்மதியாக இருக்கும்.

பிப்ரவரி 12, திங்கள்

மேற்றிராணியார் அனுப்பிய கபிரியேல் சாமி வந்தார். கட்டைக் குரல், கண்டிப்பான ஆள். கோயிலுக்குள்ளேயே நாற்காலி போட்டு விசாரணை நடந்தது. சாவிக்கொத்தோடு நான் ஓரமாக நின்றேன்.

"இந்த நோட்டு என்ன?" என்று கபிரியேல் சாமி கேட்டார். 

"சூரியன் உச்சிக்கு வர்ற நேரம்" என்றார் தனிஸ்லாஸ் சாமி. "நவம்பர் அஞ்சாந்தேதி நம்ம ஊர்ல கடியாரத்துக்குப் பன்னண்டு, சூரியனுக்கும் பன்னண்டு. அப்புறம் சூரியன் நாளுக்கு நாள் பிந்துது. இன்னைக்கு முப்பது நிமிசம். இதுக்கு மேல பிந்தாது, இனிமே கொஞ்சங் கொஞ்சமா முந்தும். ஒரு வருசம் முழுசா எடுத்தா வளைவு பூர்த்தியாகும்."

"நம்புற மாதிரி இல்லையே."

"இருந்து பாருங்க."

கபிரியேல் சாமி தன் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு ஆனது. வெளிச்சம் கோட்டுக்கு மேற்கே ஒரு முழத்துக்கு மேல் தள்ளிக் கிடந்தது. நான் போய் மணி அடித்துவிட்டு வந்தேன். வெளிச்சம் ஊர்ந்து ஊர்ந்து கோட்டில் ஏறியபோது அவர், "பன்னண்டரை" என்றார். அவர் குரல் தணிந்திருந்தது.

 மூன்று மாதமாக அவர் எழுதிய பிந்தல் எல்லாம் சூரியனுடையது. என் பெயரில் ஒரு நிமிடம்கூட இல்லை.

கபிரியேல் சாமி பக்கத்தைத் திருப்பினார். "சனவரியில எட்டு நாள் ஏன் காலியா இருக்கு?"

"தொளை அடைபட்டிருந்துச்சு."

"யார் அடைச்சது? அப்ப ஓட்ட நகத்தினதும் அந்த ஆள்தானே? மாதா சொரூபம் நனைஞ்சது உங்க தொளையால இல்லையே! சொல்லுங்க, யாரு?"

தனிஸ்லாஸ் சாமி கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

"தெரியாதுன்னு சொல்றீங்களா?"

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

கபிரியேல் சாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "பழிய அடுத்தவன் மேல போடப் பாத்தீரு, பேரு கேட்டா வாய் அடைக்குது" என்று நோட்டை மூடினார். பிறகு என்னைப் பார்த்தார். "கோயில்பிள்ளை, உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியாது சாமி" என்றேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. மார்ச் ஏழு, விபூதிப் புதனுக்கு முன் தனிஸ்லாஸ் சாமி பங்கை விட்டுப் போக வேண்டும். துளை ஓடு அகற்றப்பட வேண்டும். மூன்றாவது தடவையும் பாதியில்.

சாமி கடிதத்தை மடித்துச் செபப்புத்தகத்தில் வைத்துவிட்டுக் கோட்டருகே போய் உட்கார்ந்தார். இன்னும் பதினைந்து நாள் இருக்கிறதே என்று எழுதுகிறார். பார்த்ததும் எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். கிராதிக்குள்ளேயாவது திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் மதலேனாளிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவரு ஒங்களப் பத்தி எழுதுறாருன்னு நெனச்சீகளா? எதுக்கு அம்புட்டுப் பயம்?"

"மணி பிந்துது."

"ஏன் பிந்துது?"

முறத்தை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"ஒங்களுக்குக் கண்ணு தெரியலன்னு ஆவணி மாசத்துல இருந்து எனக்குத் தெரியும்" என்றாள். "சோத்துல கெடந்த கருவேப்பிலைய பூச்சின்னு எடுத்துப் போட்டீக. நீங்களா சொல்லுவீகன்னு இருந்தேன்."

பிப்ரவரி 23, வெள்ளி

இதை நான் சொல்ல மதலேனாள் எழுதுகிறாள். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள், கையெழுத்து என்னுடையதைவிடத் தேவலை.

காலைப் பேருந்தில் இருவரும் மேற்றிராணியார் இல்லத்துக்குப் போனோம். எதற்காக வந்தீர்கள் என்று எழுத்தர் கேட்டார். ஓடு வைத்தவன் வந்திருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். ஒரு மணி நேரம் காத்திருந்தோம்.

மேற்றிராணி ஆண்டவரின் மோதிரத்தை முத்தி செய்துவிட்டு, நின்ற நிலையிலேயே சொன்னேன். கடுதாசி, சுண்ணாம்பு, ஓடு, கபிரியேல் சாமியிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும். 

"தனிஸ்லாஸ் சாமிக்கு இது தெரியுமா?" என்று ஆண்டவர் கேட்டார்.

"தெரியும் ஆண்டவரே."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தார்?"

"பேச முடியாதபடி நான்தான் செஞ்சேன். பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். அவரு வாய அடைக்கணும்னே போயிச் சொன்னேன்."

ஆண்டவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து, "ஏன்?" என்றார். அந்த ஒரு சொல்தான்.

"எனக்குக் கண்ணு தெரியல ஆண்டவரே. வேலை போயிரும்னு பயம்" என்று சத்தமாகச் சொன்னேன்.

(சத்தமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டு சொன்னார். ஆண்டவருக்குக் கேட்காமல் நான் திருப்பிச் சொன்னேன். — மதலேனாள்)

அவள் என்ன எழுதுகிறாள் என்று பார்க்க எனக்கு வழியில்லை. நான் சொன்னதைத்தான் எழுதியிருப்பாள் என்று நம்புகிறேன்.

மார்ச் 2, வெள்ளி

மாற்றல் ரத்தாகிவிட்டது. நவம்பர் வரை சாமி இங்கேதான் இருப்பார். அதுவரை துளையும் இருக்கலாம் என்று ஆண்டவர் கைப்பட எழுதியிருக்கிறார். நான் செய்ததை ஞாயிறு பூசையில் எல்லோர் முன்பும் நானே எழுந்து சொல்ல வேண்டும். பிறகு சாவியை ஒப்படைக்க வேண்டும். வீட்டையும்தான். மதலேனாளின் தம்பி தன் வீட்டில் பின்கட்டு ஒன்று தருகிறான்.

மார்ச் 4, ஞாயிறு

சொன்னேன். ஒருவரும் கல்லெறியவில்லை. ஒருவரும் பேசவும் இல்லை.

மார்ச் 6, செவ்வாய்

இன்று வீட்டைக் காலி செய்தோம். ஊர்க்காரர் ஒருவரும் உதவிக்கு வரவில்லை, வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. பாத்திரங்களை மதலேனாள் இரண்டு நடையாகக் கொண்டுபோனாள். கட்டில் மட்டும் மிஞ்சியது. நான் ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

மறுபக்கம் யாரோ வந்து பிடித்தார்கள். அங்கியின் வெள்ளை தெரிந்தது, முகம் தெரியவில்லை.

"தூக்குய்யா" என்றார் தனிஸ்லாஸ் சாமி.

"சாமி, ஒங்களுக்கு வேற வேலை இல்லையா? மதியம் ஆகப்போகுதே."

"இன்னும் அரை மணி இருக்கு. தூக்கு."

ஊர் பார்க்க, கோயில் வளவிலிருந்து தெருமுனை வரை இருவரும் தூக்கிப்போனோம். எதற்காக இவர் இதைச் செய்கிறார், ஊருக்கு நல்ல பெயர் காட்டவா, என்னை வெட்கப்பட வைக்கவா, மனதில் என்ன வைத்திருக்கிறார் என்று வழக்கம்போல யோசிக்கத் தொடங்கினேன். கட்டில் கனமாக இருந்தது. யோசனையை விட்டுவிட்டேன்.